கல்லறைக் கதவை ஊர்ப்பக்கம் திறந்தவர்கள்: நேப்பிள்ஸின் சானிட்டா, ஒரு நிகழ்வு ஆய்வு

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கபோதிமோன்தே குன்றுக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பள்ளத்தாக்கு முழுக்க வீடுகள், சந்துகள், தேவாலயங்கள். அந்த வீடுகளின் தலைக்கு மேலே ஒரு பாலம் போகிறது. நகர மையத்திலிருந்து குன்றின் மேலுள்ள அரண்மனைக்குப் போகிறவர்கள் பாலத்தில் ஏறிக் கடந்துவிடலாம். கீழே ஓர் ஊர் இருப்பதையே கவனிக்க வேண்டியதில்லை. அந்த ஊரின் பெயர் சானிட்டா.

நலிந்துபோன நகரப் பகுதி ஒன்றை, அதன் மண்ணுக்கடியில் கிடக்கும் பழமையைக் கொண்டே அங்கு வாழ்கிறவர்கள் தூக்கி நிறுத்த முடியுமா? சமூகத் தொல்லியலில் ஈடுபட்டிருப்பவர்கள் பல நாடுகளில் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. சமூகத் தொல்லியல் என்றால், எங்கே தோண்டுவது, எதைக் காப்பது, கிடைத்ததை யார் விளக்குவது, வருகிற வருமானம் யாருக்கு என்ற முடிவுகளில் அங்கு குடியிருப்பவர்களுக்கும் கை இருப்பது. வல்லுநர்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் மக்களுக்கு ஒரு விளக்கப் பலகை நட்டுவிட்டுப் போவது அந்தப் பெயருக்குப் பொருந்தாது.

பல ஊர்களில் இந்த முயற்சி இரண்டு கோடைக்கால அகழாய்வோடும் ஒரு கண்காட்சியோடும் முடிந்துவிடுகிறது. சானிட்டாவில் 2006-இல் தொடங்கியது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று நிதானமாகப் பார்க்கும் அளவுக்குக் காலம் ஓடியிருக்கிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

சுவருக்கு வெளியே ஒரு பள்ளத்தாக்கு

பழைய நேப்பிள்ஸ் மதில் சுவருக்குள் அடங்கிய நகரம். இறந்தவர்களை மதிலுக்கு வெளியேதான் புதைக்க வேண்டும் என்பது அன்றைய கிரேக்க, ரோமானிய வழக்கம். வடக்கு மதிலுக்கு வெளியே இருந்த இந்தப் பள்ளத்தாக்கு அப்படித்தான் நகரத்தின் இடுகாடானது. கி.மு. 4, 3-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கிரேக்கக் கல்லறைகள் இன்றைய வீடுகளுக்குக் கீழே பாறைக்குள் இருக்கின்றன. பாறையும் அதற்குத் தோதானது. எரிமலைச் சாம்பல் இறுகி உருவான மஞ்சள் நிற மென்பாறை. உளியால் எளிதாகக் குடையலாம், குடைந்த கூரையும் நிற்கும். பின்னால் வந்த கிறிஸ்தவர்களும் அதே பாறையைக் குடைந்து கூடம் கூடமாக நிலத்தடிக் கல்லறைகளை உண்டாக்கினார்கள். சானிட்டா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ஆரோக்கியம் என்று பொருள். அந்தக் கல்லறைகளில் நோய் தீர்ந்ததாக மக்கள் நம்பியதால் வந்த பெயர் என்பார்கள்; பள்ளத்தாக்கின் நல்ல காற்றால் வந்தது என்பாரும் உண்டு.

நகரம் மதிலைத் தாண்டிப் பெருகியபோது இடுகாட்டின் மேல் ஊர் எழுந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டொமினிக்கன் துறவிகள் இங்கே சாந்தா மரியா தெல்லா சானிட்டா என்ற பெரிய தேவாலயத்தைக் கட்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிரபுக்களின் மாளிகைகள் வந்தன. முற்றத்தின் பின்சுவரில் பறவையின் இறக்கை போல இரு பக்கமும் விரியும் மாடிப்படிகள் கொண்ட பலாஸ்ஸோ சான்ஃபெலிச்சே, பலாஸ்ஸோ தெல்லோ ஸ்பன்யோலோ ஆகிய இரண்டும் இன்றும் நிற்கின்றன. 1738-இல் குன்றின் மேல் கபோதிமோன்தே அரண்மனை வேலை தொடங்கிய பிறகு, அரசகுடும்பம் மேலே போவதற்கு இந்தப் பள்ளத்தாக்கின் தெருக்களைத்தான் கடக்க வேண்டியிருந்தது.

அந்தச் சிரமத்தைப் போக்கத்தான் பாலம் வந்தது. 1806-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் பள்ளத்தாக்கைத் தாண்டி நேராக அரண்மனைக்குச் சாலை போட்டார்கள். பாலத்தின் தூண்கள் தேவாலயத்தை ஒட்டியிருந்த மடத்தின் முற்றத்திலேயே இறங்கின. முற்றத்தின் பெரும்பகுதி போயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு, போக்குவரத்து போனது. வண்டி நிற்காத ஊரில் கடை நிற்காது. 1937-இல் பாலத்துக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே ஒரு மின்தூக்கி வைத்தார்கள். ஒரே நகரத்தின் இரண்டு பகுதிகளை இணைக்க மின்தூக்கி தேவைப்பட்டது என்பதே பிரிவின் ஆழத்தைச் சொல்கிறது.

இவ்வளவு ஓரங்கட்டிய பாலத்தையும் காப்பாற்றியது உள்ளூர்க்காரர்கள்தான். 1943-இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதை வெடிவைத்துத் தகர்க்க முயன்றபோது தடுத்தவர்களில் மத்தலேனா செராசுவோலோ என்ற இளம்பெண்ணும் ஒருவர். பாலம் இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை இன்னும் மோசமானது. இந்தப் பகுதிக்குப் பேர் வாங்கித் தந்த தோல் கையுறைத் தொழில் நலிந்தது. வேலையில்லாத இளைஞர்கள், பாதியில் பள்ளியை விட்ட பிள்ளைகள், அவர்களை வளைத்துப்போடக் காத்திருக்கும் கமோரா குற்றக்கும்பல்கள். செய்தித்தாளில் சானிட்டாவின் பெயர் வந்தால் பெரும்பாலும் குற்றச் செய்தியாகத்தான் வரும்.

பாறைக்குள் இருந்தது

குன்றின் சரிவில் சான் ஜென்னாரோ நிலத்தடிக் கல்லறை இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கி இரண்டு தளங்களாக விரிந்தது. நேப்பிள்ஸின் பாதுகாவலரான புனித ஜென்னாரோவின் எலும்புகளை 5-ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அவர் காலடியில் புதைபட வேண்டும் என்று ஆயர்களிலிருந்து சாதாரணக் குடும்பங்கள் வரை இடம் பிடித்தார்கள். 831-இல் பெனவெந்தோவின் இளவரசர் படையெடுத்து வந்து எலும்புகளை எடுத்துப்போன பின் மெல்ல மெல்ல அது மங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது குண்டுக்குப் பயந்த மக்கள் மறுபடி இதற்குள் ஒதுங்கினார்கள்.

உள்ளே இருக்கும் ஒரு சுவரோவியத்தைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தியோதெக்னுஸ் என்ற தந்தை, இலாரிதாஸ் என்ற தாய், நடுவில் நொன்னோசா என்ற பெண் குழந்தை. குழந்தையின் வயது இரண்டு ஆண்டு பத்து மாதம் என்று எழுதியிருக்கிறது. சுண்ணப்பூச்சை ஆராய்ந்தபோது அடுக்கடுக்காக மூன்று ஓவியங்கள் தெரிந்தன. முதலில் குழந்தை இறந்திருக்கிறது. பிறகு பெற்றோரில் ஒவ்வொருவராகச் சேரச் சேர, பழைய படத்தின் மேல் புதிதாகப் பூசி வரைந்திருக்கிறார்கள். கடைசி ஓவியத்தில்தான் குடும்பம் முழுமையாகிறது. இதை விளக்கத் தொல்லியல் படிப்பு உதவும். ஆனால் அதன் முன் நிற்பவருக்குப் புரிவதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம்.

1971-இல் உம்பெர்த்தோ ஃபசோலா நடத்திய ஆய்வில் ஆயர்களின் கல்லறை அறையும் அதன் மொசைக் உருவங்களும் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்று, வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் 439-இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைப் பிடித்தபோது துரத்தப்பட்டுக் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்த ஆயர் குவோத்வுல்ததேயுஸ். கறுத்த முகமுள்ள ஆப்பிரிக்கர், அகதியாக வந்தவர், இந்த ஊர்ப் பாறையில் நிரந்தர இடம் பெற்றிருக்கிறார்.

சாந்தா மரியா தேவாலயத்தின் அடியில் இன்னொரு கல்லறை: சான் கௌடியோசோ. இவரும் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆயர்தான். 17-ஆம் நூற்றாண்டில் டொமினிக்கன் துறவிகள் இங்கே செல்வந்தர்களைப் புதைத்த விதம் விசித்திரமானது. மண்டையோட்டைச் சுவரில் பதித்து, அதற்குக் கீழே அந்த மனிதரின் உடலை அவர் வாழ்ந்தபோது இருந்த தகுதிக்கேற்ற உடையோடு வண்ணத்தில் வரைந்தார்கள்.

இப்படி ஒரு சொத்து காலுக்கடியில் இருந்தும் ஊருக்குப் பலன் இல்லை. சான் ஜென்னாரோவுக்கு மேலே, குன்றின் பக்கமிருந்துதான் வழி. இருட்டு, போதிய விளக்கில்லை, திறப்பதும் சில மணி நேரம்தான். வந்த சிலரும் மேலேயிருந்து இறங்கி மேலேயே ஏறிப் போய்விடுவார்கள். கல்லறைக்குள்ளும் அதே பாலத்தின் கதைதான்.

பரன்ஸா

2000-களின் தொடக்கத்தில் அந்தோனியோ லொஃப்ரேதோ இங்கே பங்குத்தந்தையாக வந்தார். அவரிடம் பெரிய திட்ட அறிக்கை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பூட்டிக்கிடந்த தேவாலயங்களும் காலியான மட அறைகளும் இருந்தன. வேலையில்லாத பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததுதான் அவர் செய்தது. பிள்ளைகளை வெளியூர்களுக்குக் கூட்டிப்போய், பழமையை வைத்து மற்றவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று காட்டினார். மடத்தின் அறைகளைச் சரிசெய்து பயணிகள் தங்கும் விடுதியாக்கினார்கள். சான் கௌடியோசோவில் வழிகாட்டிகளாக நின்று பழகினார்கள்.

2006-இல் அந்த இளைஞர்கள் சிலர் சேர்ந்து லா பரன்ஸா என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பரன்ஸா என்றால் சேர்ந்து வலை இழுக்கும் மீன்பிடிப் படகு. திருவிழாவில் சுரூபத்தைத் தோளில் சுமக்கும் குழுவுக்கும் அந்தப் பெயர் உண்டு. நேப்பிள்ஸின் குற்ற உலகப் பேச்சில் துப்பாக்கியோடு திரியும் கும்பலுக்கும் அதே பெயர்தான். தெருவில் கெட்டுப்போயிருந்த ஒரு சொல்லை இந்தப் பிள்ளைகள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. எந்தச் சொல்லால் ஊரை இழிவாகப் பேசினார்களோ அதே சொல்லின் கீழ் வேலைக்குப் போவது ஒரு துணிச்சல்.

அடுத்தது பணம். தென் இத்தாலிக்கென்று 2006-இல் அமைந்த கொன் இல் சுத் அறக்கட்டளை, கைவிடப்பட்ட பண்பாட்டுச் சின்னங்களை மக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் திட்டங்களுக்கு நிதி தர முன்வந்தது. அந்த நிதியோடு சான் ஜென்னாரோவின் சீரமைப்பு தொடங்கியது. மண் அள்ளுவது, துப்புரவு, நடைபாதை, சக்கர நாற்காலி போக வழி, ஓவியத்துக்குக் கேடில்லாத புது விளக்குகள். ஓவியங்களையும் மொசைக்குகளையும் தொட்டவர்கள் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநர்கள். மின்சாரம், விளக்கு, பராமரிப்பு முதலான வேலைகளை அதே ஊரில் உருவான இன்னொரு சங்கம் எடுத்துக்கொண்டது. அதாவது சீரமைப்புக்கு வந்த காசின் ஒரு பங்கு கூலியாக ஊருக்குள்ளேயே நின்றது.

இந்த நிகழ்வின் மையம் என்று நான் நினைப்பது அடுத்து நடந்த ஒரு காரியத்தை. கல்லறையின் கீழ்ப்பக்கத்தில், சானிட்டாவை நோக்கி, சான் ஜென்னாரோ ஃபுவோரி லே முரா என்ற பழைய தேவாலயம் நெடுநாள் பூட்டிக் கிடந்தது. “மதிலுக்கு வெளியே” என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அதைத் திறந்து கல்லறையோடு இணைத்தார்கள். மேலே குன்றில் சீட்டு வாங்கி உள்ளே நுழைகிறவர் பாறைக்குள் நடந்து, கீழே சானிட்டாவின் தெருவில் வெளியே வரலாம். இருநூறு ஆண்டுகளாகத் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த நகரம் ஊருக்குள் இறங்கி நடக்கத் தொடங்கியது. இறங்கியவருக்குத் தாகம் எடுக்கும், பசிக்கும், மாளிகையின் மாடிப்படி கண்ணில் படும், ஒரு கேள்வி கேட்கத் தோன்றும். அந்த வழியையே நீட்டி, கல்லறையிலிருந்து பழைய நகர வாசல் வரை நடத்திச்செல்லும் ‘புனித மைல்’ என்ற நடைப்பயணத்தையும் அமைத்தார்கள்.

தொடக்கத்தில் ஆண்டுக்கு 5,000 சொச்சம் பேர் வந்த இடத்துக்கு 2017-இல் ஒரு லட்சத்துக்கும் மேல் வந்தார்கள். 2019-இல் சுமார் 1,60,000. சங்கத்தில் நிலையான வேலை பெற்றவர்கள் முப்பதைத் தாண்டினார்கள். ஒரு பெரிய குடியிருப்பின் வேலையின்மைக்கு முன் முப்பது சின்ன எண்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த முப்பது பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெருவுக்கே தெரியும். கும்பலில் சேராமல் அதே தெருவில் மாதச் சம்பளம் வாங்கும் ஒருவன் கண்முன் நடமாடுவதை எந்தப் பயனாளர் பட்டியலிலும் அளக்க முடியாது.

2014-இல் சான் ஜென்னாரோ சமுதாய அறக்கட்டளை அமைந்தது. அதற்கு முன்னும் பின்னும் பல கிளைகள் விட்டன. 2008-இல் தொடங்கிய சிறுவர் இசைக்குழு, பயன்படாத தேவாலயத்துக்குள் ஒரு நாடக அரங்கம், காவல்துறைப் பயிற்சியாளர்களோடு ஒரு குத்துச்சண்டைக் கூடம். இவற்றை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. கல்லறை இவை எல்லாவற்றுக்கும் அச்சாணியாக இருந்தது என்பதே நமக்கு வேண்டியது.

இது தொல்லியலா?

அகழாய்வு செய்கிறவர்கள் சிலர் இந்த இடத்தில் தயங்குவார்கள். இங்கே மக்கள் புதிதாகக் குழி வெட்டி அடுக்குகளைப் பதிவு செய்யவில்லையே, முன்பே அறியப்பட்ட சின்னத்தை நிர்வகிக்கத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில்: தோண்டுவது தொல்லியலின் ஒரு கட்டம்தான். தோண்டியதைக் காப்பதும் விளக்குவதும் அதைவிட நீண்ட கட்டம், ஆண்டுக்கணக்கில் ஆள் வேண்டும் கட்டம். மக்களுக்கு வேலையும் சொல்லுரிமையும் அங்கேதான் கிடைக்கிறது. குழி இரண்டு மாதத்தில் மூடப்படும். வழிகாட்டி மறுநாளும் வேலைக்கு வர வேண்டும்.

ஆனாலும் ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். எதை ஆராய்வது என்ற கேள்வி இங்கே பெரும்பாலும் வல்லுநர்களிடமும் திருச்சபை அமைப்புகளிடமுமே இருக்கிறது. கையுறைத் தொழிலாளர்களின் வீடுகள், பாலம் இடித்த முற்றம், போர்க்காலப் பதுங்கல் என்று ஊரின் அண்மைக்காலத்தைத் தொல்லியல் கண்ணோடு பார்க்கும் வேலைக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

அண்மைக்காலத்தைத் தோண்டுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சாட்சி உண்டு. சிட்னியின் ராக்ஸ் பகுதியை 1900-இல் பிளேக் பரவியபோது அழுக்குச் சேரி என்று முத்திரை குத்தி, அரசு கையகப்படுத்தி, வரிசை வரிசையாக வீடுகளை இடித்தது. 1970-களில் எஞ்சியதையும் இடித்து அடுக்குமாடி எழுப்பத் திட்டமிட்டபோது குடியிருப்பவர்கள் எழுந்தார்கள். ஜாக் மண்டே முன்னின்ற கட்டடத் தொழிலாளர் சங்கம் அங்கே வேலை செய்ய மறுத்து அவர்களோடு நின்றது. 1994-இல் கம்பர்லேண்ட், குளோஸ்டர் தெருக்களுக்கு இடையே பெரிய அகழாய்வு. நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். 40-க்கும் மேற்பட்ட வீடுகள், கடைகளின் அடித்தளங்களும் லட்சக்கணக்கான பொருட்களும் கிடைத்தன. நல்ல பீங்கான் தட்டுகள், பொம்மைகள், அலங்காரப் பொருட்கள். சேரி என்று எழுதிவைத்த காகிதங்களுக்கு எதிராக, அங்கே சாதாரண மனிதர்கள் கௌரவமாகக் குடும்பம் நடத்தினார்கள் என்று மண் சொன்னது. இழிபெயர் சுமக்கும் எந்தக் குடியிருப்புக்கும் இதைவிட நல்ல பரிசை ஒரு தொல்லியலாளர் தந்துவிட முடியாது.

ஆனால் கதையின் அடுத்த பாதி கசக்கிறது. 2014-இல் மாநில அரசு, ராக்ஸிலும் பக்கத்து மில்லர்ஸ் பாயிண்டிலும் இருந்த 290-க்கும் மேற்பட்ட பொதுக் குடியிருப்பு வீடுகளை விற்கப்போவதாக அறிவித்தது. தலைமுறைகளாக அங்கே இருந்தவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. தொழிலாளர் வாழ்வின் அடித்தளங்கள் பத்திரமாக இருக்கின்றன. தொழிலாளர் குடும்பங்கள் பல அங்கே இல்லை.

லண்டனின் ஷோர்டிச் பூங்காவில் 2005, 2006 கோடைகளில் லண்டன் அருங்காட்சியகம் நடத்திய சமூக அகழாய்வு இன்னொரு வகை. போரின் குண்டுவீச்சில் சிதைந்து, பிறகு பூங்காவுக்காக மூடப்பட்ட 19-ஆம் நூற்றாண்டு வீடுகளைச் சுற்றுவட்டாரப் பிள்ளைகளும் முதியவர்களும் சேர்ந்து தோண்டினார்கள். சிறுவயதில் அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்கள் குழியோரம் நின்று நினைவுகளைச் சொன்னார்கள். பக்கத்துக் குடியிருப்புகளில் ஒருவரையொருவர் அறியாதவர்களைப் பேசவைத்தது அது. ஆனால் நிதியும் பருவமும் முடிந்ததும் வேலையும் முடிந்தது. நல்ல நினைவை விட்டுச்செல்வது ஒரு சாதனைதான். அதற்கு மறுமலர்ச்சி என்று பெயர் வைக்க எனக்குத் தயக்கம்.

அமெரிக்காவின் பால்டிமோரில் ஹாம்ப்டன் என்ற பழைய பருத்தி ஆலைப் பகுதியில் 2004-இல் தொடங்கிய திட்டம் வேறு விதமாகத் தொடங்கியது. குழி வெட்டுவதற்கு முன்பே ஊர்க்காரர்களைக் கூட்டி, உங்கள் வரலாற்றில் எது தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். அப்பகுதி மாணவர்களும் அகழாய்வில் வேலை செய்தார்கள். பணக்காரர்கள் குடியேறி வாடகை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஆலைத் தொழிலாளர்களின் போராட்ட வரலாற்றைப் பேசுவது அந்தச் சூழலில் அரசியலாகவே இருந்தது. பழமை என்ற பெயரில் வீட்டு விலையை ஏற்றும் அழகுப் பேச்சுக்கு எதிராக, இங்கே உழைத்தவர்கள் யார் என்று கேட்டது அந்தத் திட்டம். வாடகையை அது தடுத்து நிறுத்தவில்லை. ஆனால் முதலில் கேள், பிறகு தோண்டு என்ற அதன் வரிசையைச் சானிட்டாவும் எடுத்துக்கொள்ளலாம்.

சீட்டுப்பணம் யாருக்கு

சானிட்டாவுக்குத் திரும்புவோம். 1929-இன் லாத்தரன் உடன்படிக்கைப்படி இத்தாலியிலுள்ள கிறிஸ்தவ நிலத்தடிக் கல்லறைகள் வத்திக்கானின் பொறுப்பு. சங்கத்தின் கையில் இருந்தது ஓர் ஒப்பந்தம் மட்டுமே. கூட்டம் லட்சத்தைத் தொட்ட பிறகு, நுழைவுச்சீட்டு வருவாயில் பாதி தனக்குச் சேர வேண்டும் என்று வத்திக்கானின் புனிதத் தொல்லியல் ஆணையம் கேட்டது. 2018-இல் இது பெரிய விவாதமானது. திருத்தந்தைக்குத் திறந்த மடல் போனது, பல ஆயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். சங்கம் தொடர்ந்து கல்லறையை நடத்திவருகிறது.

சட்டத்தின் கண்ணில் ஆணையத்துக்கும் ஒரு தரப்பு உண்டு. சின்னம் அவர்களுடையது, பாதுகாப்பின் கடைசிப் பொறுப்பும் அவர்களுடையது. ஆனால் யாரும் எட்டிப்பார்க்காத காலத்தில் இந்தக் கணக்கு எழவில்லை. ஊர் உழைத்து உயர்த்திய பிறகு எழுந்தது. இந்தத் தகராறை நான் திட்டத்தின் தோல்வியாகப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தின் பலவீனமாகப் பார்க்கிறேன். வருவாய் சின்னதாக இருக்கும்போதே, அது பெருகினால் யாருக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதிக்கொள்வது யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். பெருகிய பிறகு எழுதுவது அதைவிடக் கடினம்.

வேறு காயங்களும் உண்டு. 2015 செப்டம்பரில், கல்லறைத் திட்டம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, தேவாலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் கும்பலின் துப்பாக்கிச்சூட்டில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அவனுக்கும் அந்தச் சண்டைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொல்லியல் கமோராவை விரட்டிவிட்டது என்று யாராவது எழுதினால் அந்தப் பையனை மறந்துவிட்டு எழுதுகிறார்கள். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது வாசல் மூடியது, வருவாய் நின்றது. பார்வையாளரை மட்டும் நம்பிய வருமானம் எவ்வளவு மெல்லிய கயிறு என்று தெரிந்தது. இப்போது இன்னொன்று: பயணிகளுக்குக் குறுகிய நாள் வாடகைக்கு விடும் வீடுகள் பெருகி வருகின்றன. ராக்ஸில் நடந்தது வேறு உருவில் இங்கே நடந்துவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்டு. சங்கத்தின் கையில் கல்லறை இருக்கிறது, வீட்டு வாடகை இல்லை. அதற்கு நகராட்சியின் கையெழுத்து வேண்டும்.

வேறு நகரத்தில் இதைச் செய்ய நினைப்பவர்கள், எங்களிடம் இவ்வளவு பெரிய கல்லறை இல்லையே என்று கேட்கலாம். சரிதான், இல்லாமல் இருக்கலாம். ஆனால் சானிட்டாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கல்லறையின் அளவை அல்ல. முதலில் ஒரு சின்ன இடத்தில் பழகினார்கள், பெரிய இடத்துக்கு அப்புறம்தான் வந்தார்கள். வல்லுநர் வேலையை வல்லுநரிடம் விட்டார்கள். மற்ற எல்லா வேலைக்கும் ஊருக்குள் ஆள் தேடினார்கள், இல்லாத இடத்தில் பயிற்றினார்கள். தன்னார்வம் என்று சொல்லி ஏழைப் பிள்ளைகளின் உழைப்பை இலவசமாக வாங்கவில்லை. சம்பளம் தரும் சங்கமாக்கினார்கள். இந்தக் கடைசியைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். வசதியுள்ள வட்டாரத்தில் ஓய்வுபெற்றவர்கள் வார இறுதியில் தோண்ட வருவார்கள். நலிந்த வட்டாரத்தில் வார இறுதி என்பதே பலருக்குக் கூலி நாள்.

பிச்சைக்கார ஆன்மாக்கள்

இன்னொரு இடத்தைப் பற்றிச் சொல்லி நிறுத்துகிறேன். சானிட்டாவின் கோடியில், கட்டடத்துக்குக் கல் வெட்டியெடுத்த பழைய குழிகளுக்குள், ஃபொந்தனெல்லே என்ற எலும்புக் கூடம் இருக்கிறது. 1656-இன் பிளேக்கிலும் 1837-இன் காலராவிலும் இறந்த, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் எலும்புகள் அங்கே அடுக்கிக் கிடக்கின்றன. சானிட்டாவின் பெண்கள் அந்த மண்டையோடுகளில் ஒன்றைத் தத்தெடுத்துக்கொள்வார்கள். துடைத்து, துணி விரித்து, சின்னப் பெட்டி செய்து வைத்து, விளக்கேற்றிச் செபிப்பார்கள். கவனிக்க யாருமற்ற அந்த இறந்தவர்களைப் ‘பிச்சைக்கார ஆன்மாக்கள்’ என்று அழைத்தார்கள். நாம் கவனித்தால் அவர்கள் நம்மைக் கவனிப்பார்கள் என்பது நம்பிக்கை. 1969-இல் திருச்சபை அந்த வழிபாட்டைத் தடை செய்தது. இடமும் பெரும்பாலும் மூடியே கிடந்தது.

2010 மே மாதம் ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி உள்ளே போய் அமர்ந்துகொண்டார்கள். திறக்கும்வரை போகமாட்டோம் என்றார்கள். உடைக்கவும் இல்லை, எதையும் எடுக்கவும் இல்லை. நகராட்சி இறங்கிவந்தது. ஃபொந்தனெல்லே திறந்தது. மண்டையோடுகளின் முன் மறுபடியும் சின்னச் சின்னக் காணிக்கைகள் சேரத் தொடங்கின.